கிளாஸ்கோ நகரச் சின்னத்தில் உள்ள பறவை, மரம், மணி, மீன் எதைக் குறிக்கின்றன?

இந்த நான்கும் ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்படும் புனித முங்கோவைப் பற்றிய கதைகளிலிருந்து வந்தவை. கெண்டிகெர்ன் என்ற பெயராலும் அறியப்படும் இவரே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குக் காவல் புனிதர். பேராலயத்தின் கீழ்த்தளத்தில் இவருடைய கல்லறை உள்ளது. நகரச் சின்னத்துக்கு 1866இல் முறையான ஒப்புதல் கிடைத்தது. அதில் ஓக் மரத்தின் உச்சியில் ராபின் குருவி அமர்ந்திருக்க, கிளையில் மணி தொங்க, அடியில் வாயில் மோதிரத்துடன் ஒரு சால்மன் மீன் கிடக்கும். பேராலயத்தின் முன்னுள்ள விளக்குக் கம்பங்களிலும் இந்த நான்கையும் காணலாம்.

பறக்காத பறவை, வளராத மரம், ஒலிக்காத மணி, நீந்தாத மீன் என்று இந்நகரக் குழந்தைகள் இதைப் பாட்டாகச் சொல்வார்கள். பலரும் அந்தப் பாட்டையே விளக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். கதைகளோ அதற்கு நேர் எதிராகச் செல்கின்றன: அங்கே செத்த பறவை உயிர்பெறுகிறது, அணைந்த நெருப்பு மீண்டும் எரிகிறது. அதனால் பாட்டோடு நின்றுவிடாமல் கதைகளுக்குள் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முங்கோ சிறுவனாக, கூராஸ் என்ற ஊரில் புனித செர்ஃப் நடத்திய மடத்தில் படித்தபோது, குருவின் செல்லமான ராபினை மற்ற மாணவர்கள் விளையாட்டாக இழுத்துப் பிடித்ததில் அதன் தலை தனியே வந்துவிட்டது. பழியை முங்கோவின் மேல் போட்டார்கள். அவர் அதைக் கையிலேந்திச் செபிக்க, குருவி உயிர்பெற்றது. மரத்தின் கதையும் ஏறக்குறைய இதே பொறாமையில் பிறந்ததுதான். இரவில் மடத்தின் நெருப்பைக் காக்கும் முறை முங்கோவுடையதாக இருந்தபோது, தோழர்கள் அதை அணைத்துவிட்டார்கள். அவர் வெளியே போய், பனியில் உறைந்த ஹேசல் கிளையை ஒடித்துவந்து செபத்தாலேயே அதில் தீ மூட்டினார். அந்தச் சிறு கிளைதான் சின்னத்தில் ஓக் மரமாக வளர்ந்து நிற்கிறது. மணி மட்டும் அற்புதம் ஏதுமில்லாத பொருள். இறந்தோருக்காகச் செபிக்க மக்களை அழைக்க அதை ஒலித்தார்கள். பழைய மணி தொலைந்துபோக, 1641இல் நகர நிர்வாகம் புதியது செய்வித்தது.

மீன் கதையே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஸ்ட்ராத்கிளைடின் அரசன் ரிதெர்க், தான் அரசிக்குக் கொடுத்த மோதிரத்தை உறங்கிக்கொண்டிருந்த ஒரு வீரனின் விரலில் கண்டான். அதைச் சத்தமின்றிக் கழற்றிக் கிளைட் ஆற்றில் எறிந்துவிட்டு, மோதிரத்தைக் காட்டாவிட்டால் மரணம்தான் என்று அரசியை மிரட்டினான். அவள் முங்கோவிடம் ஆள் அனுப்ப, அவர் ஆற்றில் முதலில் சிக்கும் மீனைக் கொண்டுவரச் சொன்னார். வந்த சால்மனின் வயிற்றில் மோதிரம் இருந்தது.

மீன் வயிற்றில் மோதிரம் என்றதும் நமக்குச் சகுந்தலை நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் சகுந்தலை குற்றமற்றவள். இந்த அரசியோ, 12ஆம் நூற்றாண்டில் முங்கோவின் வரலாற்றை எழுதிய துறவி ஜோசலின் கூற்றுப்படி, உண்மையிலேயே தவறியவள். குருவி கதையில் பழி சுமந்த சிறுவன் நிரபராதி என்பதால் அற்புதம் அவனுக்கு நியாயம் வழங்குகிறது. இங்கே குற்றம் செய்தவளே உயிர் பிழைக்கிறாள், அதன் பிறகே மனம் திருந்துகிறாள். இப்படியொரு கதையை மறைக்க நினைத்திருந்தால் ஒரு நகரத்தால் எளிதாக மறைத்திருக்க முடியும். கிளாஸ்கோ அப்படிச் செய்யவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆயராக இருந்த ராபர்ட் விஷார்ட்டின் முத்திரையிலேயே இந்த மீன் வந்துவிட்டது. இன்றைய சின்னத்திலோ கேடயத்துக்குள் ஒன்றும் அதைத் தாங்கும் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றுமாக மூன்று சால்மன்கள் மோதிரத்தோடு நிற்கின்றன.