முதல் முறை சைக்கோதெரபிக்குப் போகிறேன், என்னென்ன எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

எதுவும் எழுத வேண்டாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அந்தச் சீட்டைக் கொண்டு போங்கள், போதும். நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்; பேச்சு வழியாக மனநல சிகிச்சை தருவது என் வேலை. தயாராக வேண்டியது வேறு ஒன்றுக்கு.

இங்கே பலரும் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கிற மாதிரியே வருகிறார்கள். பிரச்சினையைக் கொட்டிவிட்டு, "இப்ப நான் என்ன பண்ணணும், சார்?" என்று காத்திருப்பார்கள். நாங்கள் மருந்து எழுதுவதில்லை, அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை. விவாகரத்து பண்ணலாமா, வேலையை விடலாமா என்று தீர்ப்பும் சொல்ல மாட்டோம். முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி நீங்கள்தான் பேசுவீர்கள். இதை யாரும் முன்பே சொல்லாவிட்டால், 'காசு வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாரே' என்றுதான் தோன்றும். நியாயமான எரிச்சல்.

முன்பே சொல்லிவிடுவது உதவுமா என்பதை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் ஜெரோம் ஃபிராங்க் குழுவினர் சோதித்தே பார்த்தார்கள். ஆய்வு 1964இல் வெளியானது. 40 பேரில் பாதிப் பேரிடம் மட்டும், சிகிச்சையில் என்ன நடக்கும், தெரபிஸ்ட் எதைச் செய்வார், எதைச் செய்ய மாட்டார், எத்தனை மாதத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காக வந்தார்கள், முன்னேற்றமும் கூடுதல்.

அந்தப் பேச்சில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு: வரவே பிடிக்காத நாள் வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது. நானும் அப்படித்தான் செய்கிறேன். நாலைந்து முறை வந்த பிறகு திடீரென ஆபீஸில் அவசர வேலை முளைக்கும், தலை வலிக்கும். வலிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பேச்சு வந்துவிட்டது என்பது பல சமயம் காரணமாக இருக்கும். அன்றைக்குத்தான் கட்டாயம் போக வேண்டும். போய், "இன்னைக்கு வரப் பிடிக்கலை" என்றே ஆரம்பியுங்கள். தெரபிஸ்ட் மேல் கோபம் இருந்தால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லலாம். பெரியவரை எதிர்த்துப் பேசுகிற கணக்கில் அது வராது. (நம் ஆட்களுக்கு இதுதான் ரொம்பச் சிரமம்; தலையாட்டிவிட்டுப் போய் அடுத்த வாரம் காணாமல் போவார்கள்.)

அப்புறம் ரகசியம். அம்மாவோ கணவரோ போன் பண்ணிக் கேட்டால் சொல்லிவிடுவார்களா என்ற பயம் இருக்கும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு. எப்போது, யாரிடம் சொல்வார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். முந்தின நாளே சொல்லாமல் வராவிட்டால் சில இடங்களில் முழுப் பணமும் வாங்குவார்கள்.