மோப்பாவா, டாபோலிமா?

கேள்வி: நானும் மனைவியும் கோவா போகிறோம், தங்குவது பாலோலெமில். அங்குள்ள இரண்டு விமான நிலையங்களில் டாபோலிமைவிட மோப்பாவுக்கு டிக்கெட் மலிவு. இறங்கியதும் வாடகைக் கார் எடுத்து நானே ஓட்டலாமா? - மதுரை வாசகர்

பதில்: ஓட்டலாம், ஆனால் முதலில் மேப்பைப் பாருங்கள். 2023 ஜனவரியில் சேவை தொடங்கிய மோப்பா கோவாவின் வட கோடி, பாலோலெம் தென் கோடி, அதாவது இறங்கிய களைப்போடு மாநிலத்தையே நெடுக்காகக் கடக்க வேண்டும். டாபோலிமில் இறங்கினால் 60 கிலோமீட்டர் சொச்சம்தான், டிக்கெட்டில் மிச்சம் பிடிப்பது பெட்ரோலிலும் மனைவியின் பொறுமையிலும் போய்விடும்! மோப்பாதான் என்றால் காலை விமானமாகப் பாருங்கள். புது ஊரில் இருட்டில் வண்டி ஓட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை.

அப்புறம் கார். நீங்களே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் என்றால் யாரோ சொந்தக் காரை வாடகைக்கு விடுகிறார், அது சட்டப்படி செல்லாது, வாடகை குறைவு என்று மயங்காதீர்கள். சாவி வாங்குமுன் காரைச் சுற்றி வந்து கீறல், டயர், பெட்ரோல் முள் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் சரி. டெபாசிட் எப்போது திரும்பும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். உரிமம் டிஜிலாக்கரில் இருந்தாலே போலீஸுக்குப் போதும்.