எலும்பு கூடாதது மட்டும் வழக்காகாது

கேள்வி: அப்பாவுக்கு வயது 61, சர்க்கரை உண்டு. கவுந்தப்பாடிப் பக்கம் விவசாயம். 16 மாதங்களுக்கு முன் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் செய்தோம். மூன்றாம் மாதத்திலிருந்து இருமினாலும் புரண்டு படுத்தாலும் நெஞ்செலும்பில் 'டக்'கென்று சத்தம், வலி. நாலு முறை செக்கப்பில் சொன்னோம். வலி மாத்திரைதான் கொடுத்தார்கள். போன மாதம் ஈரோட்டில் ஸ்கேன் எடுத்தால், எலும்பு கூடவில்லை, கட்டிய கம்பி ஒன்று அறுந்துவிட்டது என்கிறார்கள். பெரிய டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நிலத்தை அடமானம் வைத்துக் கட்டிய பணம். இப்போது இலவசமாக மறு ஆபரேஷன் செய்கிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: டாக்டர் முகம் பார்க்காததும் நிலம் அடமானம் போனதும் நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது. எலும்பு கூடாதது மட்டும்கூட வழக்காகாது. அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு சிலருக்குச் சேராமல் போவது தெரிந்த சிக்கல்தான், சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் அதிகம். சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே டாக்டர் அலட்சியம் ஆகிவிடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது.

உங்கள் வழக்கு அந்த நாலு செக்கப்பில் இருக்கிறது. சத்தம் வருகிறது என்று சொன்ன பிறகும் ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை? நீங்கள் சொன்னது ஓ.பி. சீட்டில் ஏறியிருந்தால் வழக்கு நிற்கும். 'நலம்' என்று மட்டும் இருந்தால் ரொம்பச் சிரமம். கேஸ் ஷீட் முழுவதற்கும் நகல் கேட்டு இன்றே எழுதிக் கொடுங்கள். 72 மணி நேரத்துக்குள் அவர்கள் தந்தாக வேண்டும்.

இனி நான் பயப்படும் இடம். ஈரோட்டில் "எப்படி ஆச்சு?" என்று கேட்டிருப்பார்களே, யார் என்ன சொன்னீர்கள்? இதே மாதிரி ஒரு வழக்கில் என் கட்சிக்காரரின் மனைவி வெள்ளந்தியாக, "சோளத்தட்டுக் கட்டைத் தூக்கிப் போட்டாருங்க, அதுல இருந்துதானுங்க" என்று சொல்லிவிட்டார். டியூட்டி டாக்டர் அதை ஒரே வரியில் எழுதிக்கொண்டார். என் கட்சிக்காரர் கட்டைத் தூக்கியது ஆறாம் மாதம். சத்தம் தொடங்கியது மூன்றாம் மாதம். ஆனால் அந்த வரியில் தேதி இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கடைசிவரை அந்த ஒரு வரியை விடவே இல்லை. தோற்றோம். இன்றும் அந்த அம்மாவின் முகம் எனக்கு மறக்கவில்லை. உங்கள் ஈரோட்டுச் சீட்டை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் திருத்தச் சொல்லி யாரிடமும் போய் நிற்காதீர்கள், அது இருப்பதையும் கெடுத்துவிடும். முதலில் சத்தத்தைச் சொன்ன தேதிக்குச் சான்று தேடுங்கள்.

கெடு இரண்டு வருடம். ஆபரேஷன் நடந்த நாளிலிருந்தே எண்ணுங்கள், எட்டு மாதம்தான் மிச்சம். பேச்சுவார்த்தை நடப்பதால் கெடு நிற்காது. "அடுத்த வாரம் வாங்க" என்ற பேச்சை நம்பியே கெடுவைத் தாண்டியவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். தாமதத்தை மன்னிக்க மனுப் போடலாம்தான், அதை நம்பி உட்காராதீர்கள்.

என்னைக் கேட்டால் சமரசமாகப் போங்கள். சர்க்கரை இருக்கிறது; இன்னொரு டாக்டர் எதிராக எழுதித் தருவது அபூர்வம்; ஜெயித்தாலும் மேல்முறையீடு என்று வருடக்கணக்கில் இழுக்கும். அப்பாவோ இருமும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் இப்போது கையெழுத்து வேண்டாம். மறு ஆபரேஷன், எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் பிளேட், மருந்து, படுக்கைச் செலவு, ஒரு வருடத்துக்குள் சீழ் பிடித்தால் அதற்கான சிகிச்சை, வேலைக்குப் போகாத மாதங்களுக்கு ஒரு தொகை, எல்லாம் எழுத்தில் வரட்டும். வேறு சர்ஜன் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அதே மருத்துவமனையில் திறந்தால் அறுந்த கம்பியும் அவர்கள் கையில்தான் இருக்கும். ஈரோட்டு ஸ்கேன் ஃபிலிமை அங்கே கொடுத்துவிட்டு வராதீர்கள். நகலைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலை வீட்டுப் பீரோவில் வையுங்கள்.