ஊர்வலத்தில் உதடு ஓய்ந்துபோகிறது: டிரம்பெட்டுக்கு எந்த மவுத்பீஸ் வாங்குவது?

கேள்வி: குடியாத்தம் வட்டாரத்தில் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறேன். வாத்தியம் மீரட்டில் செய்யப்பட்டது, பழையதாக வாங்கினேன். ஊர்வலம் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆனதும் உதடு மரத்துவிடுகிறது. ஸ்டாஃப் என்னும் ஐந்து கோட்டு இசைக்குறிப்பின் உச்சியில் உள்ள ஜி வரை ஏற முடிகிறது. அதற்கு மேல் வெறும் காற்றுதான் வருகிறது. வாத்தியத்தோடு வந்த, உதட்டில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸில் எண் எதுவும் இல்லை, குழாயில் லேசாக ஆடவும் செய்கிறது. ஆழம் குறைந்த கப் (மவுத்பீஸின் கிண்ணம் போன்ற உட்குழிவு) உள்ளதாக வாங்கினால் மேல் ஸ்தாயி தானாக வந்துவிடும் என்கிறார் கூட வாசிக்கும் அண்ணன். 3சி வாங்கச் சொல்கிறார் மாஸ்டர். எதை வாங்குவது?

பதில்: எண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மவுத்பீஸின் அடித்தண்டாகிய ஷாங்க் 20-க்கு 1 என்ற அளவில் மெலிந்துகொண்டே போகும். அதை ஏற்கும் ரிசீவர் குழாயும் அதே சரிவில் கடையப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் ஷாங்க் ஏறக்குறைய ஓர் அங்குலம் உள்ளே சென்று, சுற்றிலும் ஒரே சீராகப் பற்றி நிற்கும். பொருந்தாவிட்டால் விளிம்பின் வழியாகக் காற்று கசிவதோடு, மேல் ஸ்தாயியில் சுரம் நிலைகொள்ளாது. நீங்கள் அதை உதட்டை அழுத்திச் சமாளிப்பீர்கள். உங்கள் உதடு மரத்துப்போவதற்கு இந்த அழுத்தம் ஒரு பெரிய காரணமாக இருக்கலாம்.

சோதனை எளிது. ஷாங்க்கையும் ரிசீவரின் உட்புறத்தையும் துணியால் துடைத்துவிட்டு, மவுத்பீஸைத் திருகாமல் மெல்ல உள்ளே விடுங்கள். அது நின்ற இடத்தில் ஷாங்க்கின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, உதடு படும் விளிம்பான ரிம்மை இரு விரல்களால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் செட்டில் நல்ல வாத்தியம் வைத்திருப்பவரின் மவுத்பீஸை உங்கள் டிரம்பெட்டிலும், உங்களுடையதை அவருடைய டிரம்பெட்டிலும் பொருத்திப் பாருங்கள். அவருடையது உங்கள் வாத்தியத்தில் ஆடாமல் நின்றால் குறை மவுத்பீஸில். அதுவும் ஆடினால் குறை ரிசீவரில். பின்னதாக இருந்தால் எந்த மவுத்பீஸை வாங்கினாலும் பயனில்லை. ரிசீவரை மாற்றித் தரும் பித்தளை வாத்தியப் பழுதுக்காரரிடம்தான் போக வேண்டும். கார்னெட் மவுத்பீஸ் டிரம்பெட்டில் செருகப்பட்டிருப்பதும் உண்டு. அதன் ஷாங்க் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும். பழைய வாத்தியங்கள் கைமாறும் இடங்களில் இந்தக் கலப்பு எளிதில் நேர்ந்துவிடுகிறது.

ஊர்வலம் தொடங்கும் நேரத்தில் வேறு வழி இல்லையென்றால் ஷாங்க்கைச் சுற்றி மெல்லிய காகிதம் ஒரு சுற்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைக்கு மட்டுமே. எம்-சீல், நூல், டேப் எதுவும் வேண்டாம். அவை ரிசீவரின் உள்ளே ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல மவுத்பீஸையும் கெடுத்துவிடும். மாறாக ஷாங்க் பருமனாக இருந்து உள்ளே போக மறுத்தால் ராணிப்பேட்டையிலோ காட்பாடியிலோ உள்ள தேர்ந்த லேத் பட்டறைக்காரர் சரிவு மாறாமல் அதைக் கடைந்து தர முடியும். ஷாங்க்கைத் தவிர வேறு எதையும் அவர் தொடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறிப்பாகக் கப்பின் அடியில் உள்ள துளையைப் பெரிதாக்கினால் சத்தம் கூடும் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்க வேண்டாம். ஒருமுறை பெரிதாக்கிய துளையை மறுபடி சிறிதாக்க வழியில்லை.

அந்தத் துளையை நீங்களே அளந்து பார்ப்பது நல்லது. வழக்கமான மவுத்பீஸ்களில் அதன் விட்டம் ஏறக்குறைய 3.65 மில்லிமீட்டர். புத்தம் புதிய ட்ரில் பிட்டின் கூர்முனையை அல்ல, வழவழப்பான பின்முனையை மெதுவாக விட்டுப் பாருங்கள்: 3.5 மி.மீ. பிட் உள்ளே செல்ல வேண்டும், 4 மி.மீ. பிட் செல்லக்கூடாது. 4 மி.மீ. சென்றுவிட்டால், உங்கள் மூச்சு பல்லவி முடிவதற்குள் தீர்ந்துபோகிறது என்றால் அதற்கும் விளக்கம் கிடைத்துவிடும்.

அடுத்து வாத்தியத்தின் கசிவைப் பாருங்கள். வால்வை அழுத்தாமல் அந்த வால்வுக்குரிய இழுப்புக் குழாயாகிய ஸ்லைடைச் சற்று வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நொடி கழித்து வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று ஓசை வந்தால் வால்வும் ஸ்லைடும் காற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று பொருள். மூன்றுக்கும் இப்படியே செய்யுங்கள். பிறகு குழாயில் சேரும் நீரை வெளியேற்றும் வாட்டர் கீயின் கார்க்கை விரலால் இறுக்கி அழுத்தியபடி ஒரு நீண்ட சுரம் ஊதுங்கள். அழுத்தும்போது ஓசை தெளிந்தால் கார்க் தேய்ந்துவிட்டது. மிகச் சிறிய செலவில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல் பலர் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது மவுத்பீஸ் வாங்குகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இப்போது எண்களுக்கு வரலாம். 3சி, 7சி என்ற பெயர்கள் வின்சென்ட் பாக் வகுத்த முறையைச் சேர்ந்தவை. அவர் 1890-இல் ஆஸ்திரியாவில் பிறந்து, பிறகு நியூயார்க்கில் மவுத்பீஸ் செய்யத் தொடங்கியவர். அவருடைய முறையில் எண் குறையக் குறைய ரிம்மின் உள்விட்டம் பெருகும். எழுத்து ஏ-யிலிருந்து தள்ளிப் போகப் போகக் கப்பின் ஆழம் குறையும். யமஹாவின் முறை நேர்மாறானது: எண் கூடினால் விட்டம் கூடும், எழுத்து தள்ளிப் போனால் ஆழம் கூடும். ஒரே ‘ஏ’ ஒரு நிறுவனத்தில் மிக ஆழமானதையும் இன்னொன்றில் மிக ஆழமற்றதையும் குறிக்கும் என்பதால், படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மில்லிமீட்டரை நம்பலாம் என்றால் அதிலும் சிக்கல் உண்டு. பாக் 7சி-யின் விட்டம் 16.20 மி.மீ. என்றும், யமஹா 11பி4-இன் விட்டம் 16.46 மி.மீ. என்றும் அட்டவணைகளில் காணப்படும். ஆனால் உதட்டில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், ஏனென்றால் ரிம்மிலிருந்து எவ்வளவு ஆழத்தில் அளப்பது என்பதில் நிறுவனங்கள் வேறுபடுகின்றன. பாக்கின் அட்டவணைப்படி 7சி-க்கும் 3சி-க்கும் உள்ள வேறுபாடு 0.1 மி.மீ. மட்டுமே. வாசிப்பவருக்கு அந்த இரண்டுக்கும் இடையே தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி ரிம்மின் வளைவாலும் கப்பின் வடிவாலும் வருவது.

ஆகவே உங்கள் மாஸ்டர் சொன்னது தவறான யோசனை அன்று. 3சி நல்ல மவுத்பீஸ். திரைப்பாடல் மெட்டுக்குத் தேவையான கனம் அதில் கிடைக்கும். ஆனாலும் கசியும் வாத்தியத்தில், அழுத்தி ஊதிப் பழகிய உதட்டோடு, பெரிய அளவிலிருந்து தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 7சி அல்லது 11பி4-ஐ எடுத்துக்கொண்டு, குறைந்தது மூன்று மாதம் அதையே விடாமல் வாசியுங்கள். உதட்டுத் தசை ஒரு ரிம்முக்குப் பழக அவ்வளவு காலம் தேவை. வாரம் ஒரு மவுத்பீஸ் மாற்றுபவருக்கு எதுவுமே பழகாது.

அண்ணன் சொல்லும் ஆழமற்ற கப்பைப் பற்றி என் கருத்து இன்னும் உறுதியானது: இப்போது வேண்டாம். டிரம்பெட்டில் வால்வு எதையும் அழுத்தாமல் கிடைக்கும் சுரங்களை எண்ணிப் பாருங்கள். கீழ் சி-க்கும் அடுத்து வரும் ஜி-க்கும் இடையே ஐந்து சுர இடைவெளி இருக்கிறது. மேலே போகப் போக இந்த இடைவெளி சுருங்கி, ஸ்டாஃபுக்கு மேலே உள்ள சி-யைத் தாண்டியதும் அடுத்தடுத்த சுரங்களாகவே நெருங்கிவிடுகின்றன. அந்த நெருக்கத்தில் எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது உதட்டின் இறுக்கமும் காற்றின் வேகமுமே. ஆழமற்ற கப் ஓசையைக் கூர்மையாகவும் பளிச்சென்றும் ஆக்கும். ஏற்கெனவே அந்தச் சுரங்களை ஊதத் தெரிந்தவருக்குச் சற்றுச் சிரமத்தைக் குறைக்கும். ஊதத் தெரியாத சுரத்தை அது புதிதாகத் தந்துவிடாது. உங்களைப் போல அழுத்தி ஊதுபவருக்கு மேலும் ஒரு கேடு உண்டு: களைத்து வீங்கிய உதடு கப்பினுள் புடைத்து அடிப்பகுதியைத் தொட்டுவிடும், தொட்ட நொடியில் ஓசை அறுந்துபோகும். முக்கால் மணி நேரம் கழித்து உதடு மரத்துவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது அப்போது கால் மணி நேரத்திலேயே நடக்கும்.

அழுத்தத்தைக் குறைப்பதற்கான பயிற்சி வீட்டிலேயே செய்யக்கூடியது. காலையில் நடு ஸ்தாயியில், மெல்லிய ஓசையில், நீண்ட சுரங்களை ஊதுங்கள். ஊதிய அளவு நேரம் வாத்தியத்தைக் கீழே வைத்து ஓய்வு கொடுங்கள். இடக்கையால் வாத்தியத்தை இறுகப் பற்றி முகத்தோடு இழுக்காதீர்கள். வலக்கைச் சுண்டுவிரலைக் கொக்கியில் மாட்டாமல் அதன் மேலே வைத்தாலே பாதி அழுத்தம் போய்விடும். செட்டில் இரண்டு டிரம்பெட் இருந்தால் பல்லவியை ஒருவரும் சரணத்தை இன்னொருவரும் எடுத்துக்கொள்ளும்படி மாஸ்டரிடம் கேளுங்கள். மேடு பள்ளமான தெருவில் நடந்துகொண்டே வாசிக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ரிம் பல்லில் மோதுகிறது. மணிக்கணக்கில் ஓய்வின்றி அதைத் தாங்கும் உதடு எவருக்கும் இல்லை.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் வாசித்திருப்பீர்கள். அந்த வெயிலில் குழாயின் உள்ளே உள்ள காற்று சூடேறி, டிரம்பெட்டின் சுருதி மேலே போகும். வண்டியில் கூடவே வரும் கீபோர்டின் சுருதி வெயிலுக்கு அசையாது. அதோடு சேர்வதற்காக ஒவ்வொரு சுரத்தையும் உதட்டாலேயே கீழே இழுத்துக்கொண்டிருந்தால் களைப்பு இரட்டிப்பாகும். டியூனிங் ஸ்லைடை 1 செ.மீ. வெளியே இழுத்தால் குழாய் 2 செ.மீ. நீளும்; ஏறக்குறைய 148 செ.மீ. நீளமுள்ள பி-ஃபிளாட் டிரம்பெட்டில் அது அரைச் சுரத்தில் ஏறத்தாழ கால் பங்கு சுருதியை இறக்கிவிடும். புறப்படும் இடத்தில் நிழலில் நின்று சேர்த்த சுருதியோடு நின்றுவிடாமல், வெயிலில் சிறிது நேரம் வாசித்த பிறகு மறுபடி ஒருமுறை கீபோர்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்லைடு நகரவே மறுக்கிறது என்றால் கிரீஸ் போட்டு வெகுநாள் ஆகிவிட்டது என்று பொருள்.

பாக்கு போடும் பழக்கமும், இடைவேளையில் கலர் குடித்த வாயோடு அப்படியே ஊதுவதும் வாத்தியத்துக்கு ஆகாதவை. வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள். வாரம் ஒருமுறை மவுத்பீஸை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷ் விட்டுக் கழுவி, உப்பு நீர் வரும் ஊராக இருந்தால் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள். ரிம்மில் வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் அந்த மவுத்பீஸில் தொடர வேண்டாம். உதட்டில் அரிப்பும் வெடிப்பும் வருவதற்கு அது காரணமாகலாம். சிலருக்கு நிக்கல் முலாமே ஒத்துக்கொள்ளாது. ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகும் உதட்டில் மரமரப்பு நீங்காவிட்டாலோ, முன்பல் அசைவதாகத் தோன்றினாலோ, மவுத்பீஸ் பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வாங்குவதற்குச் சென்னை அண்ணா சாலைக் கடைகளுக்குப் போவதாக இருந்தால் உங்கள் டிரம்பெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மவுத்பீஸைத் தனியாக உதட்டில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ரிசீவரில் ஆடாமல் நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, நடு ஸ்தாயியில் நிதானமாகக் கால் மணி நேரம் ஊதுங்கள். புது மவுத்பீஸ் எதுவும் முதல் ஐந்து நிமிடம் நன்றாகவே இருக்கும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் உதடு சற்றுக் களைத்த பிறகு இரண்டாவது முறையாக அதே மெட்டை வாசித்துப் பார்த்து, அப்போதும் ஜி தெளிவாக நின்றால் பணத்தைக் கொடுங்கள்.