கப்பல் ரேடாரைப் பழுதுபார்க்கும்போது கதிர்வீச்சிலிருந்து தப்பிப்பது எப்படி?

நீங்கள் படிப்பை முடித்துவிட்டுத் தூத்துக்குடியில் வேலைக்குச் சேரவிருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். மதுரை டவுன்ஹால் ரோட்டில் டிவி பழுதுபார்த்துவிட்டு அதன்பின் துறைமுகத்துக்குப் போனவன் நான். ‘டிவி மெக்கானிக்குக்கு ரேடாரைப் பற்றி என்ன தெரியும்’ என்பவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம். நீங்கள் கேட்டது கதிர்வீச்சை; அதற்கு முன் அஞ்ச வேண்டியவை இரண்டு இருக்கின்றன, முதலாவது மின்சாரம். படக்குழாய் டிவியில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருந்து ஆளைத் தூக்கியடிக்கும் என்பதை அந்தக் கடையில்தான் கற்றேன். ரேடாரில் மேக்னட்ரானை, அதாவது ரேடார் அலையை உண்டாக்கும் குழாயை, இயக்கும் மாடுலேட்டர் என்ற உயர் மின்னழுத்தப் பகுதியும் அப்படிப்பட்டதே. ஸ்டான்ட்பையில் (தயார் நிலையில்) போட்டால் அலை வீசுவது நிற்குமே தவிர மின்சாரம் நிற்காது. பிரேக்கரை இறக்கி, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்களை எர்த் கம்பியால் வடியவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

அதைவிடவும் நான் அஞ்சுவது சுழலும் ஆன்டெனாவுக்கு. ஒரு சரக்குக் கப்பலில் நான் கொடிமரத்தின் (மாஸ்ட்) மேலே ஆன்டெனாவைச் சுழற்றும் கியர்பாக்ஸைத் திறந்து வைத்திருந்தபோது, கீழே பணி மாறி வந்த இளம் அதிகாரி, நான் தொங்கவிட்டிருந்த எச்சரிக்கை அட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புறப்பாட்டுச் சோதனைக்காக ரேடாரைப் போட்டிருக்கிறார். ஆன்டெனா அசையவில்லை, அதன் அடியிலுள்ள பாதுகாப்பு ஸ்விட்சை நான் அணைத்திருந்தேன், ஃபியூஸ் என் சட்டைப்பையில் இருந்தது. எஸ்-பேண்ட் என்ற அலைவரிசை ரேடாரின் ஆன்டெனா நீளம் பன்னிரண்டு அடி வரை இருக்கும். அது ஒரு சுற்றுச் சுற்றினால் மனிதனைத் தட்டிக் கீழே தள்ளிவிடும். இறங்கி வந்தபோது, ஃபியூஸைக் காணவில்லை என்று கேப்டன் என்னைத்தான் கடிந்துகொண்டார்.

கதிர்வீச்சு ஒன்றுமில்லை என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது எக்ஸ்ரே போன்றதன்று. ஆனால் திசுவைச் சூடாக்கும், கண்ணுக்குக் குறிப்பாகக் கேடு. அலை வீசும்போது சுழலாமல் நின்றுபோன ஆன்டெனாவின் எதிரில் நிற்பதும், அலையை ஆன்டெனாவுக்குக் கொண்டுபோகும் உலோகக் குழாயான வேவ்கைடு திறந்திருக்க அதற்குள் எட்டிப் பார்ப்பதும் கூடவே கூடாது. மேக்னட்ரானின் காந்தம் இரும்பு ஸ்குரூடிரைவரை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் என்பதால் காந்தத்தில் ஒட்டாத கருவிகளை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது ரேடாரையும், கொடிமரத்திலேயே இருக்கும் கப்பலின் ஊதுகுழலையும் (ஹார்ன்) சேர்த்து அணைக்கச் சொல்லுங்கள். காதருகே அது ஒலித்தால் பிடி நழுவிவிடும்.

படிக்காசை மிச்சம் பிடிப்பதற்காக ஒற்றை ஆளைக் கப்பலுக்கு அனுப்பும் முதலாளிகள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி அனுப்பினால், வாக்கி-டாக்கியுடன் ஒருவரைக் கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் நிறுத்தும்படி கப்பலில் கேளுங்கள். அவர் வந்து நிற்கும்வரை ஏணியில் கால் வைக்காதீர்கள்.