அழகர்கோவில் பக்கம் டியூப்லைட்டுக்கு வரும் சின்ன வெள்ளைப் பூச்சி எது? துணியை அரிக்குமா?

சிறகை விரித்துச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, வெள்ளையில் மெல்லிய கோடுகள் என்கிறீர்கள். அப்படியானால் அந்துப்பூச்சிதான், அநேகமாக ஸ்கோபுலா (Scopula) பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி. 1802-இல் ஷ்ராங்க் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளர் பெயரிட்டது. உலகெங்கும் சுமார் 800 இனங்கள் உண்டு. மங்கலான போட்டோவைப் பார்த்தே இனத்தின் பெயரை அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

கோடுகளைக் கவனியுங்கள். முன்சிறகில் நெளிந்து வரும் கோடு, விட்ட இடத்திலிருந்து பின்சிறகிலும் தொடரும். சிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் பெரும்பாலும் ஒரு பொடிக் கரும்புள்ளி இருக்கும். ஆண் பூச்சிகள் பலவற்றுக்குப் பின்னங்கால் தடித்து, அதில் ஒரு முடிக்கற்றை ஒளிந்திருக்கும். லென்ஸ் இல்லாமல் தெரியாது. வயிறு தொடங்கும் இடத்தில் காதுகூட உண்டு, வவ்வாலின் ஒலியைக் கேட்டுத் தப்பிக்க!

இந்த அந்தின் புழுவுக்கு முன்னால் 3 ஜோடிக் கால், வால்பக்கம் 2 ஜோடி. நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால் வாலை முன்காலருகே இழுத்து வைத்து, முதுகை வில்லாக வளைத்துத்தான் நடக்கும். சீண்டினால் விறைத்துக் குச்சியாகிவிடும். (ஆமணக்கைத் தின்கிற காவடிப்புழுவும் இப்படித்தான் நடக்கும்; ஆனால் அது வேறு குடும்பம்.) தரையோரச் செடிகொடிகளின் இலைதான் பெரும்பாலும் ஸ்கோபுலா புழுவுக்கு இரை.

துணியை அரிப்பது வேறு அந்து. பீரோவுக்குப் பயப்பட வேண்டாம், மருந்தும் அடிக்க வேண்டாம். தொந்தரவாக இருந்தால் வாசலில் மஞ்சள் பல்பு மாட்டுங்கள், வரத்து குறையும்.