நிறுவனம் வளர்கிறது, ஆட்கள் கிளம்புகிறார்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வேலையிடங்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதை வாசித்துவருகிறேன். அந்தத் துணிச்சலில்தான் இந்தக் கடிதம்.

நானும் ஒரு நண்பரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் நான்கு வருடங்களில் 30 பேரிலிருந்து 140 பேராகிவிட்டது. ஆர்டர்களுக்குக் குறைவில்லை. ஆட்களை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் ஆரம்பத்திலிருந்தே இருவரும் பிடிவாதமாக இருந்தோம். மருத்துவக் காப்பீடு, மனநல ஆலோசகரிடம் பேச ஒரு தொலைபேசி எண், வாரம் ஒருமுறை தியான வகுப்பு எல்லாம் வைத்திருக்கிறோம். வகுப்புக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வருவதில்லை. கேட்டால் "வேலை இருக்கிறது" என்கிறார்கள்.

கடந்த ஆறு மாதத்தில் எங்கள் பத்து டீம் லீடர்களில் மூன்று பேர் ராஜினாமா கொடுத்துவிட்டார்கள். மூவருமே முதல் நாளிலிருந்து கூட இருந்தவர்கள். மூன்றாமவர் இன்னும் நோட்டீஸ் காலத்தில் இருக்கிறார். சம்பளம் காரணமில்லை என்றார்கள். வேறு காரணமும் சொல்லவில்லை. "பெரிதானால் இப்படித்தான், மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும்" என்கிறார் பார்ட்னர். வளர்ச்சியும் அக்கறையும் சேர்ந்து போகவே முடியாதா?

கே.

அன்புள்ள கே.,

"வேலை இருக்கிறது" என்று அவர்கள் சொன்னதை நீங்கள் சாக்காக எடுத்துக்கொண்டீர்கள் என்று தோன்றுகிறது. எனக்கு உங்கள் கடிதத்தில் கனமான வரியே அதுதான். அழுத்தத்தைக் குறைக்க ஒரு வகுப்பு வைக்கிறீர்கள், அழுத்தம் தரும் வேலையே அந்த வகுப்புக்குப் போகவிடாமல் செய்கிறது. இதற்கு மேல் அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

2019-இல் உலக சுகாதார நிறுவனம், வேலையால் ஆள் எரிந்து தீர்ந்துபோகும் அந்த நிலையை, பேச்சில் பர்ன்அவுட் என்கிறோமே, தன் நோய்ப் பட்டியலில் விளக்கி எழுதியது. அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் குறித்தது. வேலையிடத்தில் நாள்பட்டுச் சேர்ந்து, சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்பது அதன் விளக்கம். அப்படியென்றால் சரிசெய்ய வேண்டியதை முதலில் வேலையிடத்தில் தேட வேண்டும். ஆலோசகரின் எண்ணை எடுத்துவிடச் சொல்லவில்லை. அது சிலருக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் கூரை ஒழுகும்போது எல்லோருக்கும் துண்டு கொடுப்பது போன்றது அது.

உங்கள் கூரை எங்கே ஒழுகுகிறது என்பதற்குத் துப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போன மூவரும் டீம் லீடர்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். எழுத்துக்கு வருவதற்கு முன் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். நான் சேர்ந்தபோது இருபத்தைந்து பேர், நான் விட்டபோது இருநூறு. என் வேலையை நான் நன்றாகச் செய்தேன் என்பதால் என்னை ஒரு குழுவுக்குத் தலைவனாக்கினார்கள். பழைய வேலையை யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. பகலில் ஆட்களைப் பார்ப்பது, சாயந்திரத்துக்கு மேல் என் வேலையைச் செய்வது என்று ஓடியது. ஒரு வாரம் என் குழுவில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். அவனுக்கு இன்னொரு லீடர் வேலை கொடுத்திருப்பார் என்று நான் நினைத்தேன், நான் கொடுத்திருப்பேன் என்று அவர் நினைத்தார். 11 நாள் அந்தப் பையன் தினமும் வந்து, கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறான். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் பெயரை நான் சரியாகத் தெரிந்துகொண்டேன். நான் கல்மனசுக்காரன் இல்லை, கே. எனக்கு நேரமில்லை, அவ்வளவுதான். அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். 30 பேர் இருந்தபோது இருவர் இருவராக எண்ணினால் 435 ஜோடிகள். யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு யாரோடு மனத்தாங்கல் என்பதெல்லாம் உங்கள் காதுக்குத் தானாகவே வந்திருக்கும். 140 பேரில் அது 9,730. இனி எதுவும் தானாக வராது. நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் அக்கறை ஒரு ஊழியரைப் போய்ச் சேர்வது அவருடைய டீம் லீடர் வழியாகத்தான். ஒரு லீடருக்குப் பதினான்கு பேர். வாரத்தில் ஒருவருக்கு அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசினால் 7 மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு முழு வேலைநாள். அந்த ஒரு நாள் அவர்களிடம் இருந்ததா? அவர்களுடைய பழைய வேலையை நீங்கள் வேறு யாரிடமாவது கொடுத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. கொடுக்கவில்லை என்றுதான் ஊகிக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. 1979-இல் ராபர்ட் காராசெக் என்ற ஆய்வாளர் வேலை அழுத்தத்தைப் பற்றி எழுதியது இன்றும் பேசப்படுகிறது. வேலைச் சுமை மட்டும் ஆளை உடைப்பதில்லை, சுமை ஏறி, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறையும்போதுதான் ஆள் நொடிந்துபோகிறார் என்பது அவர் வாதம். உங்கள் மூவரையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். முப்பது பேராக இருந்தபோது நேராக உங்கள் அறைக்கு வந்து, "இந்த ஆர்டரை இப்படிச் செய்யலாம்" என்று சொல்லி, அன்றைக்கே செய்திருப்பார்கள். இப்போது அதே விஷயத்துக்கு ஒரு படிவம், ஒரு ஒப்புதல், ஒரு மீட்டிங். பதவி உயர்ந்தது, சொல்லுக்கு இருந்த மதிப்பு இறங்கியது. இதை யாரும் வெளியேறும் நேர்காணலில் சொல்லமாட்டார்கள். சொன்னால் சின்னத்தனமாகத் தெரியும் என்ற கூச்சம் இருக்கும்.

வளர்ச்சியும் அக்கறையும் சேர்ந்து போகுமா என்று கேட்கிறீர்கள். போகும், ஆனால் வளர்ச்சியின் வேகத்தை ஆர்டர்கள் தீர்மானிக்கக் கூடாது. எடித் பென்ரோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1959-லேயே இதைச் சொல்லிவிட்டார். நிறுவனம் வளரப் புதிய மேலாளர்கள் தேவை. அவர்கள் அந்த இடத்தின் நெளிவு சுளிவுகளைப் பழகப் பழைய மேலாளர்களோடு கொஞ்ச காலம் வேலை செய்தாக வேண்டும். பழையவர்களின் நேரமோ அளவானது. ஆகவே எவ்வளவு பணம் கையில் இருந்தாலும் ஒரு நிறுவனம் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒழுங்காக வளர முடியாது. நீங்கள் அந்த வேகத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த பெரிய ஆர்டர் வரும்போது "இதைச் செய்ய ஆள் இருக்கிறதா" என்று கேட்பதற்கு முன், "வருகிற ஆட்களைப் பார்த்துக்கொள்ள, கையில் நேரம் உள்ள ஒரு லீடர் இருக்கிறாரா" என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த ஆர்டரைத் தள்ளிப்போடுங்கள், அல்லது பாதியை மட்டும் எடுங்கள்.

இதைச் சொல்வது எளிது என்று எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் 140 பேருக்குச் சம்பளம் போடுபவர் நீங்கள், நான் இல்லை. சில ஆர்டர்களை விடவே முடியாது. அப்போது கூடுதல் வேலைக்கு முடியும் தேதி ஒன்றைச் சொல்லுங்கள், சொன்ன தேதியில் நிறுத்துங்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு சொல்கிறது. மாதக்கணக்கில் நீளும் "இந்த ஒரு வாரம் மட்டும்" எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அது போதும்.

உங்கள் பார்ட்னருக்குக் கணக்குதான் பிடிக்கும் என்றால் வரிசைக் கணக்கைக் காட்டுங்கள். ஒரே ஆளிடம் வேலைகள் முன்பின்னாக வந்து விழுகின்றன என்று வையுங்கள். அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், புதிதாக வரும் ஒரு வேலை, அதைச் செய்ய ஆகும் நேரத்தைப் போல் சராசரியாக நான்கு மடங்கு காத்திருக்கும். 90 சதவீதம் நிரம்பினால் ஒன்பது மடங்கு. 95 என்றால் பத்தொன்பது மடங்கு. பாடப்புத்தகத்தில் எளிமையாக்கிச் சொல்லும் கணக்குதான், ஆனால் திசை சரி. ஆளை முழுக்க நிரப்பினால் லாபம் என்று தோன்றும், ஆனால் அதனால் தாமதமாவது வாடிக்கையாளர் கொடுத்த வேலைதான்.

ஆட்கள் போய்க்கொண்டே இருப்பதன் விலைக்குப் பழைய உதாரணம் ஃபோர்ட் கார் நிறுவனம். 1913-இல் சுமார் 14,000 பேரை வேலையில் நிலைநிறுத்த அவர்கள் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் ஊதியத்தை 5 டாலராக, ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி, வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தார்கள். ஆட்கள் போவது வெகுவாகக் குறைந்தது. இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. அதிகம் சொல்லப்படாதது, அந்த ஐந்து டாலரில் ஒரு பகுதி ஊழியரின் வீட்டு வாழ்க்கை 'ஒழுங்காக' இருந்தால்தான் கிடைக்கும் என்பது. அதைச் சோதிக்க நிறுவனமே ஒரு துறை வைத்து, வீட்டுக்கே ஆள் அனுப்பியது. அக்கறை கண்காணிப்பாக மாற ஒரு சின்ன அடி போதும். தியான வகுப்புக்கு வருகைப் பதிவு வைக்கலாம் என்று உங்கள் ஹெச்.ஆர். சொன்னால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, நாளைக்கே செய்யக்கூடியது என்ன? மூன்றாமவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். இருக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். "ஏன் போகிறீர்கள்" என்றும் கேட்க வேண்டாம், அதற்கு ஏற்கெனவே ஒரு மரியாதையான பதில் வைத்திருப்பார். போன வாரம் திங்கட்கிழமை காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேளுங்கள், மணி மணியாக. அதில் எதையெல்லாம் உங்கள் சம்மதம் இல்லாமலே அவர் முடித்திருக்க முடியும் என்று கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பார்ட்னரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஏழு பேரிடம் பேசப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.